பத்துச் சுமை விறகு

தோழரே!

வைகை அணையைப் பார்த்திருப்பீர்கள். பொங்கல் விடுமுறையிலே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, கட்டுச்சோற்று மூட்டையும் தண்ணீர்ச் செம்புமாக ஆண்டிபட்டி வழியே சென்று, பூங்காவிலே உலவி, மதகிலே நுரைத்துப் பாயும் நீரைக் கண்டு மகிழ்ந்து திரும்பியிருப்பீர்கள். காணத்தக்க காட்சிதான். 111 அடி உயர்ந்து நிற்கும் அந்த அணை, காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1959ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. வருசநாட்டு மலையிலே பிறந்து வரும் வைகையும், 1895இல் பென்னிகுவிக் கட்டி முடித்த பெரியாற்று அணையிலிருந்து மலையைக் குடைந்து கம்பம் பள்ளத்தாக்கிலே இறக்கப்பட்ட தண்ணீரும் அங்கே கலந்து தேங்கி, மதுரைக்கும் சிவகங்கைக்கும் இராமநாதபுரத்துக்கும் உயிரூட்டுகின்றன.

அந்த அணையிலே ஓர் ஏற்பாடு உண்டு. நீர்மட்டம் 66 அடியை எட்டினால் முதல் வெள்ள எச்சரிக்கை. 68.5 அடி என்றால் இரண்டாவது. 69 அடி என்றால் மூன்றாவது. 71 அடிதான் அணையின் முழு அளவு. அதற்கு முன்பே கரையோரத்து மக்களைத் தட்டி எழுப்பிவிட வேண்டும் என்ற பொறுப்புணர்ச்சி! பாராட்டுகிறேன். அடி அடியாக அளந்து, அரை அடிக்கும் கணக்கு வைத்து, ஐந்து மாவட்டத்துக்கும் செய்தி அனுப்புகிறார்கள்.

ஆனால் தோழரே, அணையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் சாலையிலே வேறொரு காட்சியையும் நீங்கள் கண்டிருக்கக்கூடும். கண்டும் காணாமல் பேருந்துச் சன்னலை மூடியிருக்கவும் கூடும்! பழந்துணியைச் சுருட்டிச் சும்மாடாக்கி, அதன்மேல் ஆள் நீளத்துக்கு விறகுக்கட்டைச் சுமந்து, கழுத்து நரம்பு புடைக்க, கால் கொப்பளிக்க, ஓரமாக ஒதுங்கி நடந்துவரும் தாய்மார்களின் வரிசை. சீமைக்கருவேல முள்ளும் உண்டு அந்தக் கட்டிலே, காட்டோரத்துச் சுள்ளியும் உண்டு, தோட்டத்துக்காரர் தயவிலே கிடைத்த தென்னை மட்டையும் உண்டு. வீடு சென்றதும் அந்தக் கட்டு அடுப்படிக்குப் போகும். அடுப்பு எரியும். புகை எழும். கூரையைத் தொடும், கண்ணைச் சுடும், நெஞ்சை நிறைக்கும். அந்தப் புகை எத்தனை அடி ஏறினால் முதல் எச்சரிக்கை? எத்தனை அடி ஏறினால் மூன்றாவது?

அதற்கு அளவுகோல் நட்டவர் இல்லை.

அடுப்புக்கு எரிபொருள் தேடும் அவதியைப் பற்றித்தான் இந்த ஞாயிறன்று உம்மிடம் பேச விரும்புகிறேன். இதென்ன, அரசியல் கட்டுரைப் பகுதியிலே அடுப்படிப் பேச்சு என்று முகம் சுளிக்காதீர். அரசியலின் அடிவாரமே அடுப்பங்கரைதான்.

முதலில் ஒரு பொய்யைப் பொசுக்கிவிடுவோம். “விறகு என்ன விலையா? காட்டிலே கிடக்கிறது, பொறுக்கி வந்தால் போயிற்று” என்று பகர்வோர் உளர். படித்தவர்கள், பதவியில் இருப்பவர்கள், புள்ளிவிவரம் எழுதுகிறவர்கள். அவர்களுடைய ஏட்டிலே விறகின் விலை என்ற இடத்திலே சுழி போட்டிருக்கும். சுழிதானா? கணக்குப் பார்ப்போம். நான் கல்லூரியைப் பாதியிலே விட்டு வெளியேறியவன். என்றாலும் இந்தக் கணக்குக்குப் பட்டம் தேவையில்லை, பெருக்கல் வாய்பாடு போதும்.

ஒரு கிலோ காய்ந்த விறகிலே அடங்கியிருக்கும் வெப்பத்தைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு வெப்பம் ஒரு கிலோ சமையல் எரிவாயுவிலே இருக்கிறது. அது மட்டுமா? மூன்று கல்லை வைத்து மூட்டும் அடுப்பிலே, நூறு பங்கு வெப்பத்தில் பாத்திரத்துக்குச் சேருவது பத்துப் பன்னிரண்டு பங்குதான். மற்றதெல்லாம் காற்றுக்கும் கல்லுக்கும் காணிக்கை! கேஸ் அடுப்பிலோ அறுபது பங்குக்குக் குறையாமல் சட்டியைச் சேருகிறது. மூன்று மடங்கையும் ஐந்து மடங்கையும் பெருக்கிப் பாரும்: ஒரு கிலோ எரிவாயு செய்யும் வேலைக்குச் சுமார் பதினைந்து கிலோ விறகு வேண்டும். வீட்டுக்கு வரும் சிலிண்டரிலே இருப்பது 14.2 கிலோ. (உருளை என்று எழுதச் சொல்வார்கள் நம் தமிழாசிரியர்கள், ஊரிலே சிலிண்டர் என்றால்தான் திரும்பிப் பார்க்கிறார்கள்.) ஆக, ஒரு சிலிண்டருக்கு ஈடு, இருநூறு கிலோ விறகு. தலைச்சுமைக்கு இருபது கிலோ என்று வைத்தால், பத்துச் சுமை.

பத்துச் சுமை விறகு, தோழரே! ஒரு சுமைக்கு அரை நாள் என்று மிகக் குறைத்துச் சொன்னாலும் ஐந்து முழு நாள் உழைப்பு. 2025-26ஆம் ஆண்டுக்கு நூறு நாள் வேலைத் திட்டத்திலே தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாள்கூலி 336 ரூபாய். ஐந்து நாளுக்கு 1,680 ரூபாய். அதே 2025 ஏப்ரலில், 50 ரூபாய் உயர்த்திய பிறகு, சென்னையிலே ஒரு சிலிண்டரின் விலை 868 ரூபாய் 50 காசு. இப்போது சொல்லும், எது மலிவு? இலவசம் என்று இவர்கள் எழுதிவைத்த விறகு, சிலிண்டரைப்போல இரு மடங்கு விலையுள்ளது!

அப்படியானால் அந்தத் தாய் ஏன் சிலிண்டர் வாங்கவில்லை? அறியாமையா? பழக்கமா? நான் நாடகம் எழுதுகிறவன். இந்தக் கேள்விக்கு ஒரு காட்சி எழுதிப் பார்த்தேன். அதிகாரி ஒருவர், விறகுச் சுமையோடு வரும் பெண்ணை வழிமறிக்கிறார்.

“ஏனம்மா, கேஸ் அடுப்புதான் கொடுத்தாகிவிட்டதே, இன்னுமா விறகு?”

“அடுப்பு இருக்கிறது ஐயா. மேலே துணி போட்டு மூடிப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.”

“கணக்குப் பார்த்தால் விறகைவிட கேஸ் மலிவம்மா!”

“இருக்கலாம் ஐயா. ஐந்து நாள் நடந்தால் பத்துச் சுமை சேரும், நடக்க முடிகிறது. அந்த ஐந்து நாளையும் கூலிக்கு எடுத்துக்கொள்ள ஆளைக் காட்டுங்கள், நாளைக்கே சிலிண்டர் வாங்குகிறேன். என் நாளுக்கு விலை போட்டீர்கள், வாங்குகிறவர் எங்கே?”

அதிகாரிக்கு அடுத்த வசனம் எழுத எனக்கு வரவில்லை. காட்சியை அங்கேயே விட்டுவிட்டேன்.

முடிச்சு அங்கேதான் இருக்கிறது. விறகு, நாளுக்கு நாள், கைப்பிடி கைப்பிடியாகக் கிடைக்கும் பண்டம். இன்று உலை கொதிக்க இன்று நடந்தால் போதும். சிலிண்டரோ, ஒரே நாளிலே, ஒரே கையிலே, முழு விலையையும் கேட்கிறது. அறுவடைக் காலத்திலே கையில் நான்கு தாள் புரளும்போது வாங்குவாள். ஆடியிலே வேலை வற்றும்போது அடுப்பு அணையும், சுள்ளி எரியும். மலிவான பொருளை வாங்கமுடியாமல் விலையுயர்ந்த பொருளைச் சுமக்க வைப்பதுதான் வறுமையின் வஞ்சகம்!

பழக்கம்தான் காரணம் என்று அடித்துப் பேசுவோருக்குச் சான்றோடு விடை சொல்லவேண்டும். நம் தமிழ்நாட்டிலேயே கிடைத்திருக்கிறது அந்தச் சான்று. 2018இல் தொடங்கி, தமிழ்நாடு, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு இடங்களிலே 3,200 கருவுற்ற தாய்மாரைக் கொண்டு ஓர் ஆய்வு நடைபெற்றது. சென்னை ஸ்ரீ இராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணன் இங்கு அதை வழிநடத்தியவர்களில் ஒருவர். நம் பக்கத்திலே விழுப்புரமும் நாகப்பட்டினமும் ஆய்வுக்களம். ஒரு பாதிப் பெண்களுக்கு அடுப்பும் கொடுத்து, எரிவாயுவையும் தீரத் தீர வீட்டு வாசலிலே இலவசமாகவே கொடுத்துவந்தார்கள். விளைவு? பரம்பரை பரம்பரையாக விறகூதிய அந்தப் பெண்கள், ஏறக்குறைய முற்றாக விறகைக் கைவிட்டார்கள். அவர்கள் மூச்சிலே கலந்த நுண்துகள், ஒரு கன மீட்டர் காற்றுக்கு 24 மைக்ரோகிராம். விறகடுப்போடு இருந்தவர்களுக்கு 70க்கு மேல். பழக்கம் எங்கே போயிற்று? விலை ஒழிந்ததும் பழக்கமும் பறந்துபோயிற்று!

மறைக்காமல் மற்றதையும் சொல்லிவிடுகிறேன். பிறந்த குழந்தைகளின் எடையிலே குறிப்பிடத்தக்க ஏற்றம் எதையும் அந்த ஆய்வு காணவில்லை. 2022இல் வெளியான முடிவு அது. புகை ஒன்றை நீக்கினால் எல்லாம் நீங்கிவிடும் என்று நானும் சொல்லவில்லை. தாயின் தட்டிலே இருக்கும் சோற்றையும் பார்க்கவேண்டும். ஆனால் வீட்டுப் புகையால் 2020ஆம் ஆண்டிலே உலகெங்கும் 32 இலட்சம் உயிர்கள் மாண்டன என்றும், அவற்றிலே ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள் 2,37,000க்கு மேல் என்றும் உலக நல நிறுவனம் கணித்திருப்பதைப் படித்த பிறகு, பொறுத்திருந்து பார்ப்போம் என்று எவர் சொல்வது?

அரசுகள் ஒன்றும் செய்யவில்லை என்று கூறினால் அது பழிச்சொல்லாகும். தமிழ்நாட்டிலே 2007 முதல் ஏழைக் குடும்பங்களுக்கு இணைப்போடு இலவச கேஸ் அடுப்பு வழங்கப்பட்டது. டில்லி அரசின் உஜ்வலா திட்டம் 2016 மே முதல் நாளன்று உத்தரப் பிரதேசத்துப் பாலியாவிலே தொடங்கி, 2019 செப்டம்பருக்குள் எட்டுக் கோடி இணைப்பைத் தொட்டது. நன்று. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பிலே, தூய எரிபொருளில் சமைக்கும் வீடுகள் இந்தியாவிலே நூற்றுக்கு 58.6 என்றால், தமிழ்நாட்டிலே 82.9. நாம் நிமிர்ந்து நடக்கலாம். ஆனால் எஞ்சிய பதினேழு வீடுகள் எவருடையவை? அந்த எண்பத்திரண்டிலும், வாசலிலே கேஸ், கொல்லையிலே விறகு என்று இரண்டு அடுப்பு எரியும் வீடுகள் எத்தனை? தேநீருக்கும் பிள்ளைக்குப் பால் காய்ச்சவும் சிலிண்டர்; சோற்றுக்கும் வெந்நீருக்கும் முள்விறகு என்று பங்கிட்டுச் சமாளிக்கும் கலையை எந்தக் கணக்கெடுப்பும் முழுதாகப் பிடிப்பதில்லை.

உஜ்வலா வீடொன்று ஆண்டுக்கு வாங்கிய சிலிண்டர், 2019-20இலே சராசரி மூன்று. 2023-24இல் நான்கை நெருங்கிற்று. ஒரு சிலிண்டர் ஒன்றரை மாதம் வருமென்றால் ஆண்டுக்கு எட்டாவது வேண்டுமே! எஞ்சிய மாதங்களில் அந்த வீட்டிலே எவரும் உண்ணவில்லையா? உண்டார்கள், புகையோடு உண்டார்கள். 2023 மார்ச்சிலே சென்னை விலை 1,118 ரூபாய் 50 காசு வரை ஏறியதை நினைத்துப் பாரும். ஆகஸ்டில் 200 குறைத்தார்கள், அடுத்த மார்ச்சில் 100 குறைத்தார்கள். நாடாளுமன்றத் தேர்தல் நெருங்கியது 2024இலே என்பதைத் தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம்! உஜ்வலாக் குடும்பத்துக்கு 2023 அக்டோபரிலிருந்து சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம் என்றார்கள். அதுவும் எப்படி? முழு விலையையும் முதலில் எண்ணிக் கொடுக்கவேண்டும். மானியம் பின்னால் வங்கிக்கு வரும். முன்பணம் இல்லாதவளுக்குப் பின்பணத்தால் என்ன பயன்?

இனி, காட்டுக்கு வருகிறேன். ஏனெனில் அணைக்கு மேலே இருப்பது காடு.

இந்த நாட்டிலே விறகுக்குக் கணக்கு எழுதத் தொடங்கியது ஏழையின் அடுப்புக்காக அல்ல, இரயில் எஞ்சினுக்காக. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குத் தெற்கின் முதல் இரயில் ஓடிற்று. நிலக்கரி கடல் கடந்து வரவேண்டும்; காடோ பக்கத்திலே கிடந்தது. எஞ்சினின் வயிற்றிலே காடுகள் எரிந்தன. அதே ஆண்டிலே சென்னை மாகாணத்துக்குக் காட்டுக் காவலராகக் கிளெகார்ன் என்ற மருத்துவர் அமர்த்தப்பட்டார். உதகையிலே குளிருக்குக் கணப்பு மூட்டிய துரைமாருக்காகச் சோலைகள் வெட்டுண்டன. வெட்டிய இடத்திலே, விறகுக்கென்றே, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த தைலமரமும் சீகை மரமும் நடப்பட்டன. பிறகு 1882ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. அதுவரை ஊரார் உரிமையாக இருந்த சுள்ளி, ஒரே நாளிலே குற்றமாயிற்று. எஞ்சினுக்கு அனுமதி, அடுப்புக்கு அபராதம்!

காலம் மாறிற்று என்பீர்கள். அனல்மின் நிலையங்கள் நிலக்கரியோடு நூற்றுக்கு ஐந்து பங்கு வேளாண் கழிவு உருண்டைகளைச் சேர்த்து எரிக்கவேண்டுமென்று 2021 அக்டோபரிலே டில்லி மின்துறை கொள்கை வகுத்தது. நல்ல நோக்கந்தான், மறுக்கவில்லை. வைகையின் கடைமடையாம் இராமநாதபுரத்திலே சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டு மூட்டை மூட்டையாக வெளியூருக்கு ஏற்றுகிறார்கள்; அதே மரத்தை மின் உற்பத்திக்கும் எரிக்கிறார்கள். அந்த மரங்களை அகற்றச் சொல்லி 2017இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டபோது நாடெங்கும் பேச்சு: நிலத்தடி நீர், பறவைகள், நச்சு மரம்! அந்த முள்ளை நம்பி எத்தனை அடுப்பு எரிகிறது என்ற பேச்சு எத்தனை மேடையிலே கேட்டது? நான் பேசிய மேடைகளையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

2021 பிப்ரவரியில் திருவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. வைகை பிறக்கும் மலையைக் காக்கவேண்டும். காடு குறைந்தால் மண் இறங்கும், இறங்கிய மண் அணையிலே படியும், படிந்த அளவுக்குத் தண்ணீர் குறையும். இதை எதிர்ப்பவன் தன் வயலையே எதிர்ப்பவன். ஊரை ஒட்டிய காட்டிலே நாள்தோறும் விறகெடுத்தால் காடு தேயும் என்பதும் உண்மைதான். ஆனால் மலையைத் தேயிலைக்கும் ஏலத்துக்கும் வழித்தெடுத்த கை வேறு, சுள்ளி பொறுக்கிய கை வேறு. 2006 வன உரிமைச் சட்டம், சிறு வனப்பொருள் என்ற பட்டியலிலே புதர்ச் சுள்ளியையும் அடிக்கட்டையையும் சேர்த்தது. மலையிலே வாழும் பளியர்களுக்கு அந்த உரிமை பொருந்தும். அடிவாரத்து விவசாயக் கூலிப் பெண்ணுக்கு? அவளுக்குக் காட்டிலே உரிமையும் இல்லை, கடையிலே கடனும் இல்லை.

மலைமேல் வாழ்வோரின் நிலை இன்னும் வேறு. பள்ளத்தாக்கிலே வெயில் காயும். அங்கே வீட்டைச் சூடாக்க நெருப்பு வேண்டியதில்லை. ஆனால் கடல்மட்டத்துக்கு ஐயாயிரம் அடி மேலே, ஹைவேவிஸ் தேயிலைத் தோட்டத்திலும் கொடைக்கானல் மலைச்சரிவிலும் மார்கழி இரவு எலும்பைத் துளைக்கும். அங்கே அடுப்பு, சமைப்பதற்கு மட்டும் அல்ல. குடும்பமே சுற்றி அமர்ந்து குளிர் காயும் கணப்பு. சிலிண்டரை எரித்துக் குளிர் காய்ந்தால் மாதக் கூலி ஒரு வாரத்திலே ஆவியாகும். ஆகவே அங்கே விறகு போகாது. போகச் சொல்வதும் முறையன்று. புகை வெளியேற வழி செய்யவேண்டும். 1983இலேயே புகையில்லா அடுப்புத் திட்டம் ஒன்று நாடு முழுவதும் வந்து, இலட்சக்கணக்கான வீடுகளிலே அடுப்பு கட்டி, 2002இலே முடிந்தும் போயிற்று. கட்டியவர்கள் திரும்பி வந்து பார்க்கவில்லை. புகைபோக்கியிலே கரி அடைத்தது, விரிசல் விட்டது, பழைய மூன்று கல்லே திரும்பிற்று. ஆண்டுக்கு ஒருமுறை அதைத் துடைத்துப் பூசித் தர ஊராட்சிக்கு ஓர் ஆள், ஒரு கூலி, அவ்வளவுதான் கேட்கிறேன். கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சியும் சீகை மரமும், ஆலைக்கு ஏலம் போகும் முன், அரசு நிர்ணயித்த விலையிலே தொழிலாளர் வீட்டுக்கு அளந்து கொடுக்கப்படட்டும்.

பள்ளத்தாக்கின் வீடுகளுக்கு வழி சிறிய சிலிண்டர். புதிதல்ல, ஐந்து கிலோ சிலிண்டர் ஏற்கனவே உண்டு. 2022 அக்டோபரிலே தமிழ்நாட்டுக் கூட்டுறவுக் கடைகளிலே இரண்டு கிலோ, ஐந்து கிலோ சிலிண்டர் விற்பனையும் தொடங்கிற்று. ஆனால் கடையிலே தடையின்றிக் கிடைக்கும் அந்தச் சிறிய சிலிண்டருக்கு வீட்டுச் சிலிண்டரின் விலை கிடையாது, சந்தை விலை. கிலோவுக்குக் கூடுதலாகவே கொடுக்கவேண்டும். மொத்தமாக வாங்க வசதியுள்ளவனுக்கு மலிவு, சில்லறையாக வாங்கும் ஏழைக்கு ஏற்றம்! இந்த நியாயத்தை எந்த நாட்டு நீதிநூலிலே படித்தார்கள்? பெரிய சிலிண்டரிலே கிலோ என்ன விலையோ அதே விலை சிறியதற்கும் வேண்டும். உஜ்வலா மானியத்தை வங்கிக்கு அனுப்பாமல் வாங்கும் இடத்திலேயே கழித்துக் கொடுக்கவேண்டும். நூறு ரூபாய், இருநூறு ரூபாய் என்று கைக்குக் கிடைக்கும்போது கட்டி வைத்து, சேர்ந்ததும் சிலிண்டர் எடுக்க நியாயவிலைக் கடையிலே ஒரு சிட்டை போடவேண்டும். இவற்றில் எதற்கும் புதிய அணை கட்டவேண்டியதில்லை, மலையைக் குடையவேண்டியதில்லை.

செலவு எங்கிருந்து என்பார்கள். நாட்டுக்கு வேண்டிய எரிவாயுவிலே பாதிக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறோம், விலை நம் கையிலே இல்லை என்பார்கள். உண்மை. விலை அவர்கள் கையிலே இல்லையென்றால், கூலி வாங்கும் பெண்ணின் கையிலே மட்டும் இருக்கிறதா? உலகச் சந்தையின் ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொள்ள ஓர் அரசுக்கே தோள் வலிக்கிறதென்றால், சும்மாடு வைத்த தலை எப்படித் தாங்கும்?

வாக்குக் கேட்டு உம் தெருவுக்கு வருவார்கள், தோழரே. எம் கட்சியாரும் வருவார்கள், எதிர்க் கட்சியாரும் வருவார்கள். எவர் வந்தாலும் ஒரு கேள்வி கேளும்: எங்கள் ஊர் நியாயவிலைக் கடையிலே ஐந்து கிலோ சிலிண்டர் இருக்கிறதா, இருந்தால் கிலோ என்ன விலை? விடையைத் தாளிலே எழுதி வாங்கும். பெரிய சிலிண்டரின் விலையை 14.2ஆல் வகுத்து, இரண்டையும் பக்கத்திலே பக்கத்திலே வைத்துப் பாரும்.